தீம் பார்க் ஓட்டல் நீச்சல் குளத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

2026 ஜனவரி 11, காலை

நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன். “அக்கா, கோடை லீவுக்கு வெளிநாடு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மச்சான் சிங்கப்பூரில், மனைவியின் அக்கா பாரிஸ் பக்கத்தில், எந்தப் பக்கம் என்பதுதான் இன்னும் இழுபறி. பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 6, அம்மாவும் வருகிறார்கள். தீம் பார்க் ஓட்டலில் தங்கினால் பிள்ளைகளுக்கு ராட்டினத்தைவிட நீச்சல் குளம்தான் மனதில் நிற்கும் என்கிறார்கள். குளம் இருக்கிற ஓட்டலுக்கும் இல்லாததற்கும் வாடகை எங்கேயோ போகிறது. கொடுக்கலாமா?”

பூங்காவுக்குப் போகிற நாளில் கொடுக்காதீர்கள் தம்பி. போகாத ஒரு நாளை முழுசாக ஒதுக்க முடியுமானால் அந்த இரவுக்கு மட்டும் கொடுங்கள்.

அவ்வளவு விலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு யாரும் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வர மாட்டார்கள். ராத்திரி வாணவேடிக்கை பார்க்காமல் பிள்ளைகள் நகரவே நகராது. பார்த்து முடித்து, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து ஓட்டல் வந்து சேர்ந்தால் குளத்தை மூடியிருப்பார்கள். எங்களுக்கு நடந்தது இதுதான், எந்த ஊர், எந்த ஓட்டல் என்பது இங்கே வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நீலமாக மின்னுகிறது, கதவு பூட்டியிருக்கிறது, என் சின்னவன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறான். சரி, காலையில் பார்க்கலாம் என்றால், காலையில் முதல் ஆளாகப் பூங்கா வாசலில் நிற்க வேண்டும் என்று அவனே எழுப்பிவிடுகிறான். அந்தக் குளத்தில் எங்கள் வீட்டார் யாருடைய கால்விரலும் நனையவில்லை. ஆனால் பில்லில் குளத்துக்கும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

ஜனவரி 11, இரவு

பாரிஸ் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நம் புதுச்சேரியில் முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம் பக்கம் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் பாரிஸைச் சுற்றி ஒரு சொந்தம் இருக்கும். சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகளில், பாதிப் பேர் அங்கேதான். அதனால் டிஸ்னிலேண்ட் பாரிஸ் நமக்கு ரொம்பத் தூரத்துச் சமாச்சாரமில்லை, அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்று.

1992 ஏப்ரல் 12இல் திறந்த இடம். டிஸ்னியின் சொந்த ஓட்டல்கள் ஏழு. அதில் செயேன், சாண்டா ஃபே இரண்டிலும் நீச்சல் குளமே கிடையாது, விலை குறைவு, பூங்காவுக்கு நடந்தே போகலாம். பூங்காவே கதி என்று இருப்பவர்களுக்கு இது போதும். நியூபோர்ட் பே கிளப்பில் உள்ளே ஒரு குளம், வெளியே ஒரு குளம். செக்கோயா லாட்ஜில் பாறைக்குள் இறங்குவது மாதிரி அமைத்த குளமும், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற சறுக்கும் உண்டு. நியூயார்க் ஓட்டலை 2021 ஜூனில் மார்வெல் அலங்காரத்தோடு மறுபடி திறந்தார்கள், அதிலும் குளம் உண்டு. டேவி கிராக்கெட் ராஞ்ச் என்பது காட்டுக்குள் மரவீடுகள். குளம் கூரைக்குள், சறுக்கோடு, உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் பூங்காவிலிருந்து தள்ளி இருப்பதால் கார் இல்லாமல் அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஏன் எல்லாவற்றிலும் கூரைக்குள் குளம் என்றால், அந்த ஊர்க் குளிர்தான். நம் மே மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஊர் மே மாதத்துக்குப் போகாதீர்கள். வெயில் அடிக்கும், காற்று முதுகைப் பிடுங்கும்.

இன்னொன்று. சொந்தக்காரர் வீடு சார்சேல், கார்ஜ் பக்கம் என்றால் ஓட்டலே தேவையில்லை. ஆர்இஆர் என்கிற புறநகர் ரயிலில் ஏறி, நடுவில் ‘ஏ’ வழித்தடத்துக்கு மாறினால் கடைசி நிலையமே பூங்கா வாசல். ராத்திரி திரும்பினால் அக்கா கையால் சூடாக ரசம்.

ஜனவரி 12

கால்சட்டை விஷயத்தை விட்டுவிட்டேன். பிரான்சில் நகராட்சி நீச்சல் குளங்களில் தொளதொள பெர்முடா போட்டுக்கொண்டு இறங்க விடமாட்டார்கள், உடம்போடு ஒட்டிய ஜட்டி மாதிரியான உடைதான் வேண்டும். பல இடங்களில் தலைக்குத் தொப்பியும் கட்டாயம். தெருவில் போட்டுக்கொண்டு சுற்றிய கால்சட்டையோடு அப்படியே தண்ணீரில் குதிப்பார்கள், அழுக்கு வரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். என் அக்கா மகன் இங்கிருந்து போன என் பெரியவனைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு குளத்துக்குப் போக, வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் நீச்சல் உடை விற்கிற மெஷின் ஒன்று. காசைப் போட்டு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று முழுக்கத் தண்ணீரை விட்டு அவன் எழுந்திருக்கவே இல்லை, வெட்கம்.

ஓட்டல் குளங்களின் விதி ஓட்டலுக்கு ஓட்டல் வேறு, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் இதையே சொல்கிறேன். கையும் காலும் மூடிய நீச்சல் உடையோடுதான் இறங்குவேன் என்றால் பிரான்சில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். கிரெனோபிள் நகராட்சி அப்படிப்பட்ட உடைக்கு அனுமதி கொடுத்தது, வழக்காகி, 2022 ஜூனில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம்வரை போய் அனுமதி நின்றுபோனது. நகராட்சிக் குளம் பற்றிய வழக்குதான் அது, இருந்தாலும் வாசலில் நின்று வாதாடுகிற வேலை நமக்கு எதற்கு?

ஜனவரி 14

போகி. டயர், டியூப் எரிக்கக் கூடாது என்ற உத்தரவால் எங்கள் வீட்டு வாத்து டியூப் இந்த வருஷமும் பிழைத்தது. மற்றதெல்லாம் பொங்கல் கழித்து.

ஜனவரி 17

காணும் பொங்கல். கடலூர் சில்வர் பீச்சில் இன்று மணல் தெரியாது, அதனால் வீட்டில் உட்கார்ந்து சிங்கப்பூர்ப் பக்கத்தை எழுதுகிறேன்.

ஆறு வயதுப் பெண் இருக்கிறாள் என்றால் என் ஓட்டு ஜொகூர் லெகோலேண்டுக்கு. சிங்கப்பூரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் மலேசியா, அந்தப் பக்கம் இஸ்கந்தர் புத்ரியில் இருக்கிறது. பூங்கா 2012இல் வந்தது. தண்ணீர்ப் பூங்காவும் ஓட்டலும் 2013இல் வந்தன. ஓட்டல் குளத்தில் பெரிய பெரிய மெத்து லெகோ கட்டிகளை மிதக்க விட்டிருப்பார்கள். பிள்ளைகள் தண்ணீருக்குள் நின்றுகொண்டே கட்டி அடுக்கி, இடித்து, மறுபடி அடுக்கி என்று பொழுது ஓட்டும். சறுக்கு வரிசை இல்லை, சண்டை இல்லை. நீச்சலே தெரியாத பிள்ளைக்கும் அங்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. பெரிய குளம், உயர்ந்த சறுக்கு என்று பீற்றிக்கொள்கிற பல இடங்களில் நான் பார்க்காதது இது. பதினோரு வயதுப் பையன் அரை மணியில் அலுத்துப்போவான், அவனுக்குப் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்கா. அதற்கு டிக்கெட் தனி.

செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கிற அதே வளாகத்தில் அட்வெஞ்சர் கோவ் தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது, 2012 நவம்பரில் திறந்தது. அதில் டியூபில் படுத்துக்கொண்டு மிதந்து சுற்றி வருகிற ஆறு 620 மீட்டர். ஓட்டல் குளத்துக்குக் கொடுக்கிற கூடுதல் வாடகையை ஒரு நாள் இதற்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். நீங்கள் மச்சான் வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

மச்சான் எந்த வட்டாரத்தில் இருந்தாலும் பக்கத்தில் ஒரு பொது நீச்சல் வளாகம் இருக்கும். சில வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். சிலவற்றில் சறுக்குகூட உண்டு. அங்கே வேலை செய்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமைக் குளியல் இங்கேதான்.

மதியத்துக்கு மேல் இடி இடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். உலகத்திலேயே மின்னல் அதிகம் விழுகிற இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. வானம் கறுத்ததும் விசில் ஊதி எல்லோரையும் வெளியே ஏற்றிவிடுவார்கள், மழை நின்றாலும் உடனே விடமாட்டார்கள். காலையில் குளம், மதியம் தூக்கம், இதுதான் சரியான வரிசை.

ஜனவரி 19

இன்று தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கியிருக்கிறது, இங்கே நான் அமெரிக்கக் குளங்களைப் பற்றித் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆர்லாண்டோவில் மகள் வீட்டுக்குப் போகும் ஒரு நெய்வேலிக்காரர் கேட்டதற்காக. நான் நேரில் போனதில்லை, ஆனால் எங்கள் சின்ன மாமா மகள் அந்த மாநிலத்தில் இருப்பதால் படத்தோடு கதை கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கிறது.

அங்கே பந்தயமே குளத்தில்தான். டிஸ்னி வேர்ல்டில் யாட் கிளப், பீச் கிளப் என்று 1990இல் திறந்த இரண்டு ஓட்டல்களுக்கும் பொதுவாக ஸ்டார்ம்அலாங் பே என்று ஒன்று. 3 ஏக்கர் வளாகம், ஏழரை லட்சம் கேலன் தண்ணீர். நம் கணக்கில் 28 லட்சம் லிட்டர். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு ஒலிம்பிக் குளத்தைக் கட்டினால் 25 லட்சம்தான் பிடிக்கும், அதைவிட அதிகம். அடியில் மணல் போட்டிருக்கிறார்கள், உடைந்த கப்பல் ஒன்றிலிருந்து சறுக்கி விழலாம். கையில் பட்டை கட்டியிருந்தால்தான் உள்ளே, அந்த இரண்டு ஓட்டல் விருந்தாளிகள் தவிர மற்றவருக்கு இடமில்லை.

விலை குறைந்தவற்றில் சறுக்கு கிடையாது, வேடிக்கை உண்டு. ஆல் ஸ்டார் மியூசிக்கில் கிதார் வடிவத்தில் ஒரு குளம். பாப் செஞ்சுரியில் பௌலிங் ஆட்டக் கட்டை வடிவத்தில் ஒன்று. 2012இல் வந்த ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் தண்ணீருக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், மூழ்கினால் பாட்டுக் கேட்கும். இதைக் கேட்டதிலிருந்து என் சின்னவன் பாத்ரூம் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு போனில் பாட்டுப் போடச் சொல்கிறான்.

யுனிவர்சல் பக்கம் வேறு கொள்கை. அதன் சொந்த ஓட்டல்களில் ஒன்றில் தங்கினால் மற்ற ஓட்டல் குளத்திலும் போய் இறங்கலாம். 2014இல் திறந்த கபானா பேயில் இரண்டு குளமும் மிதந்து சுற்றுகிற ஆறும் இருக்கிறது, வாடகையும் அந்த ஊருக்கு மலிவு. ஒட்டினாற்போல 2017இல் வந்த வால்கேனோ பே தண்ணீர்ப் பூங்கா. ஆக, மலிவான அறை எடுத்துக்கொண்டு விலையுயர்ந்த ஓட்டல் குளத்தில் குளிப்பது அங்கே சட்டபூர்வமாகவே நடக்கிறது! டிஸ்னி இதற்கு விடாது. எனக்கு யுனிவர்சல் முறைதான் பிடித்திருக்கிறது.

புளோரிடாவிலும் கோடை மதியங்களில் இடிமழை, சிங்கப்பூருக்குச் சொன்னதே இதற்கும்.

ஜனவரி 21

நெய்வேலிக்காரர் விடவில்லை. “நீங்கள் சொல்வதெல்லாம் ஓடியாடுகிறவர்களுக்கு அம்மா. முழங்கால் போன எனக்கு ராட்டினமும் கிடையாது, மூன்று கிலோமீட்டர் நடையும் கிடையாது. நாள் முழுக்க அறையில் டிவி பார்க்கவா விமானம் ஏறினேன்?”

நியாயம். நான் கணக்குப் போட்டது முழுக்கப் பிள்ளைகளை வைத்து. பாட்டி தாத்தாவை வைத்துப் போட்டால் தொகை மாறிவிடுகிறது. எங்கள் அம்மா பூங்காவில் இருந்த நேரம் முழுவதும் பெஞ்சில் பை காத்தார்கள். எல்லோருடைய செருப்பும் போனும் தண்ணீர் பாட்டிலும் அவர்கள் மடியில். அவர்களுக்கும் எங்களுக்கு எடுத்த அதே விலை டிக்கெட். மறுநாள் குளத்துப் படியில் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு மலாய்ப் பாட்டியோடு ஒரு பாஷையும் இல்லாமல் சிநேகம்.

எனவே முதல் நாள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராட்டினம் ஏற முடியாத ஒருவர் கூட்டத்தில் இருந்தால் குளம் உள்ள ஓட்டல்தான். அவருக்குப் பூங்கா டிக்கெட் எடுக்காதீர்கள், அந்தப் பணமே வாடகை வித்தியாசத்தில் பாதியைத் தாங்கிவிடும். தம்பி, உங்கள் அம்மாவுக்கும் இதுதான்.

அப்படிப்பட்டவருக்குக் குளம் தேர்ந்தெடுக்கும்போது சறுக்கின் உயரத்தைப் பார்க்காதீர்கள், இறங்குகிற விதத்தைப் பாருங்கள். ஏணி மட்டும் இருக்கிற குளம் முழங்கால்காரர்களுக்கு உதவாது. கைப்பிடியோடு அகலப் படி இருக்கிறதா, அல்லது தரையே சாய்வாகப் போய்த் தண்ணீரில் முடிகிறதா என்று படத்தில் தேடுங்கள். டிஸ்னி வேர்ல்டின் அனிமல் கிங்டம் லாட்ஜில் அப்படிச் சாய்வாக இறங்கும் குளம் இருக்கிறது, நடந்துகொண்டே உள்ளே போகலாம். தடுமாறுகிறவர்களுக்கும் தவழ்கிற பிள்ளைக்கும் அதுவே.

ஜனவரி 25

“குளோரின் வாடை தூக்கினால் சுத்தமான குளம் என்று அர்த்தமா” என்று பண்ருட்டியிலிருந்து ஒரு தங்கச்சி.

தலைகீழ். குளோரின் தண்ணீரோடு சும்மா இருக்கும்போது அவ்வளவு வாடை வராது. வேர்வை, சிறுநீர், உடம்பில் பூசிய எண்ணெய் எல்லாவற்றோடும் சேர்ந்து குளோரமைன் என்ற வேறு பொருளாக மாறும்போதுதான் அந்த மூக்கைத் துளைக்கிற வாடை, கண் சிவப்பு எல்லாம். கூரைக்குள் இருக்கிற குளங்களில் காற்று வெளியேறாததால் இன்னும் மோசம். வாடை தூக்கினால், நிறையப் பேர் குளிக்காமலே இறங்கியிருக்கிறார்கள், அதைவிட வேறு எதுவோகூடச் செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். குளோரின் அளவு 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே போகக் கூடாது, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7இலிருந்து 7.8க்குள் நிற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுகாதாரத் துறையின் அளவு. நல்ல ஓட்டல்களில் குளத்தோரம் ஒரு பலகையில் அன்றன்றைய அளவை எழுதி வைப்பார்கள். கால் நனைக்கும் முன் அதைப் படியுங்கள்.

குளோரினுக்கும் மசியாத கிருமி ஒன்று உண்டு, கிரிப்டோஸ்போரிடியம். சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும், குடித்தால் வயிற்றுப்போக்கு. அதனால் பிள்ளைக்கு வயிறு சரியில்லாத நேரத்தில் “இவ்வளவு காசு கொடுத்தாச்சே” என்று இறக்கிவிடாதீர்கள். குளத்துத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புகிற விளையாட்டும் வேண்டாம்.

“அதற்கு எங்கள் பம்புசெட் தொட்டியே மேல்” என்று அவர் வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னாராம். பம்புசெட்டின் சுகம் தனிதான், சண்டை போட மாட்டேன். ஆனால் குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் மூளையைத் தின்கிற அமீபா இருக்கலாம், மூக்கு வழியாக ஏறும். கேரளத்தில் சமீப வருஷங்களில் வந்த செய்திகள் நினைவிருக்கும். டிஸ்னியே இதில் அடிபட்டிருக்கிறது. 1976இல் ரிவர் கன்ட்ரி என்று ஏரித் தண்ணீரை வடிகட்டி விட்டு ஒரு தண்ணீர்ப் பூங்கா நடத்தினார்கள். 1980இல் அங்கே நீந்திய 11 வயதுப் பையன் ஒருவன் இந்த அமீபாவால் இறந்தான். 2001இல் பூங்கா மூடப்பட்டு மறுபடி திறக்கவே இல்லை. கோடையில் தேங்கின தண்ணீரில் பிள்ளைகள் தலைகீழாகக் குதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூக்கில் கிளிப் மாட்டினாலும் நல்லது.

பிப்ரவரி 2

வெளிநாடு எல்லாம் சரி, இங்கே என்ன என்று கேட்பவர்களுக்கு. சென்னை வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்துவிட்டது, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். புதுச்சேரியிலிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. தங்குவதற்கு அவசியமே இல்லை. பெங்களூரு வொண்டர்லாவில் பூங்காவை ஒட்டியே ரிசார்ட் இருக்கிறது. அங்கே இரண்டு நாள் டிக்கெட் எடுத்தால் ரிசார்ட்டுக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் பூங்கா ஆறு மணி வாக்கில் முடிந்துவிடும், அதற்கப்புறம் குளத்துக்கு நேரம் மிச்சம் இருக்கிறது. வாணவேடிக்கைக்குக் காத்து நிற்கிற பிரச்சினை இல்லை பாருங்கள். பெங்களூரு ராத்திரிக் குளிரைத் தாங்குவீர்களா என்பது உங்கள் பாடு.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடை கேட்பார்கள். பருத்திச் சட்டை, நைட்டி, புடவையோடு இறங்க விடமாட்டார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும்.

பிப்ரவரி 3

நைட்டி என்று எழுதியதற்கு ஏழெட்டுப் பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அம்மா தாயே, நைட்டியோடு கடலில் இறங்குங்கள், வீராம்பட்டினத்தில் யார் கேட்கப்போகிறார்கள். குளத்தில் மட்டும் வேண்டாம்.

பிப்ரவரி 9

நெல்லிக்குப்பத்துத் தம்பி முடிவு செய்துவிட்டாராம். சிங்கப்பூர், மச்சான் வீடு, நடுவில் ஜொகூர் லெகோ ஓட்டலில் ஒரு இரவு, அம்மாவுக்குப் பூங்கா டிக்கெட் இல்லை. நல்ல முடிவு. அறைக்குள் போகிற நேரம் மதியத்துக்கு மேல்தான் இருக்கும். காலையிலேயே போய்ப் பெட்டியை ரிசெப்ஷனில் வைத்துவிட்டு, அறை கிடைக்கும் முன்பே குளத்தில் இறங்க விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். விட்டால் அந்த ஒரு இரவு வாடகைக்கு இரண்டு பகல் குளம் கிடைக்கும். நீச்சல் உடையைப் பெட்டிக்கு அடியில் திணிக்காமல் கைப்பையில் வையுங்கள்.

உடையை இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும், பேரம் பேசினால் இறங்கி வருவார்கள். கை மிதவையை மட்டும் நம்பிச் சின்னவளை விட்டுவிட்டுப் போனைப் பார்க்காதீர்கள். அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போடுங்கள், நீங்கள் கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நில்லுங்கள். விசா, பாலத்துக் கூட்டம் பற்றி மச்சானைக் கேளுங்கள். சனிக்கிழமை பாலம் தாண்டாதீர்கள் என்று அவரே சொல்வார்.